ஷெஃபீல்டின் சாணைக் கூடங்களும் கத்தியின் மெருகும்

கத்தி அலகில் காணப்படும் பளபளப்பு, வண்ணம் பூசுவதைப் போலவோ முலாம் இடுவதைப் போலவோ வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கப்படுவதன்று. அலகின் மேற்பரப்பிலுள்ள மேடுகளை ஒன்றைவிட ஒன்று நுண்ணிய துகள்களால் படிப்படியாகத் தேய்த்து அகற்றி, எஞ்சிய கோடுகள் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறுத்த பின்னர், ஒளி சிதறாமல் திரும்பி வரும் நிலையே மெருகு எனப்படுகிறது. ஆகவே மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் அலகு சிறிதளவேனும் குறைகிறது; குறைந்த உலோகமும் அதைக் குறைத்த கல்லும் தூளாகி எங்கேனும் சென்று படிகின்றன. பழைய கத்திகளைத் துணிச் சக்கரத்தில் பிடித்துப் புதுப்பிக்கும் இன்றைய பட்டறைக்கும், இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சாணைக் கூடத்துக்கும் இவ்விரு உண்மைகளும் பொதுவானவை. அவற்றின் விளைவுகள் முழு அளவில் வெளிப்பட்ட ஊர் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள ஷெஃபீல்டு.

ஷெஃபீல்டின் கத்திகள் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெயர் பெற்றிருந்தன என்பதற்கு, சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் ஒரு பாத்திரம் ஷெஃபீல்டுக் கத்தியை வைத்திருப்பதாகக் கூறப்படுவது சான்றாகக் காட்டப்படுவதுண்டு. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் கழகம் நிறுவப்பட்டு, யார் எந்த முத்திரையை அலகில் குத்தலாம், யார் தொழில் பழகுநரை வைத்துக்கொள்ளலாம் என்பவை முறைப்படுத்தப்பட்டன. எனினும் இத்தொழில் அங்கே வேரூன்றியதற்குச் சட்டத்தைவிட நிலவியலே முதற்காரணம். டான், ஷீஃப், ரிவெலின், லாக்ஸ்லி, போர்ட்டர் ஆகிய ஐந்து நீரோட்டங்களும் மேட்டிலிருந்து விரைந்து இறங்குவதால் சிறு அணைகளைக் கட்டி நீர்ச்சக்கரங்களைச் சுழற்ற முடிந்தது. சாணைக்கு ஏற்ற மணற்கல் சுற்றுவட்டாரக் குன்றுகளிலேயே கிடைத்தது. போர்ட்டர் ஓடையின் கரையில் இன்றும் நிற்கும் ஷெப்பர்டு சாணைக்கூடம் 1584ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றிலேயே இடம்பெற்றுள்ளது.

அத்தகைய கூடத்தின் அமைப்பு எளியது. நீர்ச்சக்கரத்தின் ஆற்றல் பல்சக்கரங்களின் வழியாக ஒரு நீண்ட உருளைக்கு வந்து, அதிலிருந்து தோல் வார்களின் மூலம் ஒவ்வொரு சாணைக்கல்லுக்கும் பகிரப்பட்டது. கல்லின் அடிப்பகுதி நீர்த்தொட்டிக்குள் மூழ்கியிருக்க, தொழிலாளி அதன் பின்னால், குதிரைச் சேணம்போல் செதுக்கிய மரக்கட்டையின் மீது இருபுறமும் காலிட்டு அமர்ந்து, முன்னோக்கிக் குனிந்து, உடலின் பாரத்தை முழங்கைகளின் வழியாக அலகின் மேல் இறக்கினார். (பிரான்சின் கத்தி நகரமான தியேரில் இதே வேலையைத் தொழிலாளர் பலகையில் குப்புறப் படுத்தபடி செய்தனர் என்பதும், குளிருக்கு இதமாக நாய்களைத் தம் கால்களின் மேல் படுக்கவைத்தனர் என்பதும் ஒப்பிட்டு நோக்கத்தக்கவை.) கல்லிலிருந்தும் இரும்பிலிருந்தும் தேய்ந்த துகள்கள் நீரோடு குழைந்து மஞ்சள் நிறச் சேறாகத் தொட்டியிலும் சுவரிலும் தொழிலாளியின் உடையிலும் அப்பிக்கொண்டன. பார்வைக்கு அருவருப்பான இந்தச் சேறுதான் தொழிலாளியின் நுரையீரலைக் காத்தது என்பது பிற்காலத்திலேயே தெளிவாகியது.

சாணைக்கல் அலகுக்கு வடிவம் தந்தது. மெருகு அதற்குப் பிறகே தொடங்கியது. கல்லின் கீறல்களை நீக்குவதற்கு, மரத்தாலான சக்கரம் ஒன்றின் விளிம்பில் தோலை ஒட்டியோ, ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான உலோகப் பட்டையைப் பொருத்தியோ, அதன்மேல் எமரித் தூளைக் கொழுப்புடனோ தேன்மெழுகுடனோ சேர்த்துப் பூசினர். எமரி என்பது குருந்தமும் இரும்பு ஆக்சைடும் இயற்கையில் கலந்து உறைந்த கரும்பாறை. கிரேக்கத்தின் நாக்ஸோஸ் தீவிலிருந்தும் சின்ன ஆசியாவிலிருந்தும் அது ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் பொடித்துச் சலித்தும் நீரில் கலக்கித் தெளியவைத்தும், பருமட்டான தூள் முதல் மாவு போன்ற தூள்வரை தனித்தனியாகப் பிரித்தனர். புதிதாகப் பூசிய சக்கரம் வேகமாக வெட்டும், பலநாள் ஓடித் தேய்ந்த சக்கரம் மென்மையாக மெழுகும் என்பதால், கைதேர்ந்த தொழிலாளி தம் பழைய சக்கரங்களைப் புதியவற்றைவிடப் போற்றிப் பாதுகாத்தார்.

உயர்தர அலகுகளுக்கு இதற்கும் மேல் ஒரு படி இருந்தது. மெல்லிய தோல் போர்த்திய சக்கரத்தில், செங்காவி நிறமுள்ள நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் தூளைப் பூசி, முந்தைய சக்கரங்களைவிடக் குறைந்த வேகத்தில் சுழற்றி அலகை ஒற்றி எடுத்தனர். குரோகஸ் எனப்பட்ட இத்தூள் தந்த மெருகு வெண்மையாக மின்னாது. ஆழ்ந்த கருமை தோன்ற, கண்ணாடியைப்போல் உருவத்தைக் காட்டும். வேகத்தைக் குறைத்ததற்குத் தக்க காரணம் உண்டு. வேகம் கூடினால் உராய்வின் வெப்பம் கூடும். வெப்பம் ஏறக்குறைய 230 பாகை செல்சியசைத் தொட்டால் மெருகேறிய உருக்கின் மேல் வைக்கோல் நிறம் படரும், 300 பாகையை நெருங்கினால் நீலம் பாயும், நீலம் பாய்ந்த இடத்தில் பதம் இறங்கிக் கூர் நிற்காது. சவரக்கத்தியைப்போல் ஓரம் மெலிந்த அலகில் இந்த விபத்து ஒரு கணத்தில் நேர்ந்துவிடும்.

இவ்வளவு உழைப்பையும் வெறும் அலங்காரத்துக்காகச் செய்தனர் என்று கருதுவது பொருந்தாது. துருப்பிடிக்கும் கரி உருக்கில், கீறல்களே ஈரம் தங்கும் இடங்கள்; கீறல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தாமதமாகத் துரு தொடங்கும். மேலும், உருகிய நிலையில் வார்க்கப்பட்டுச் சீரான அமைப்புப் பெற்ற உருக்கு மட்டுமே கறையும் கோடும் இன்றி அந்தக் கரிய மெருகை ஏற்றது. கசடு கலந்த இரும்பு எவ்வளவு தேய்த்தாலும் அதன் குறையை வெளியே காட்டிவிடும். எனவே வாங்குபவருக்கு அந்த மெருகே உருக்கின் தரச்சான்றாக இருந்தது.

சீரான அந்த உருக்கை, 1740களில் ஷெஃபீல்டை அடுத்த ஹேன்ட்ஸ்வொர்த்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி மண்குகை எனும் உருக்குக் கலத்தில் உருக்கி வார்க்கும் முறையால் பெற்றிருந்தார். ஆனால் வார்ப்பு உருக்கு மற்ற இரும்போடு எளிதில் பற்றாததால், அலகை உருக்காலும் கைப்பிடிக்குள் செல்லும் காம்பை மலிவான இரும்பாலும் செய்து இணைக்கும் மேசைக்கத்திக்கு அது உதவவில்லை. இத்தடையை நீக்கியவரின் வரலாறு தமிழகக் கடற்கரையோடு தொடர்புடையது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரங்கிப்பேட்டையில் மரக்கரியால் இயங்கும் இரும்பாலையை நிறுவினார். அதன் இரும்பு இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டது. பின்னர் இங்கிலாந்து திரும்பிய அவர், குகையிலுள்ள உருக்கில் மாங்கனீசுச் சேர்மத்தைச் சிறிதளவு இட்டால் அது இரும்போடு நன்கு பற்றும் என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் உருக்காலையாளர் பலர் அம்முறையைச் சற்றே மாற்றி, உரிமத்தொகை செலுத்தாமலேயே பயன்படுத்திக்கொண்டனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, ஹீத் 1851இல் இறந்த பின்னரும் தொடர்ந்து, 1855இல் பிரபுக்கள் அவையில் அவர் தரப்புக்கு எதிராக முடிந்தது. ஷெஃபீல்டு தனக்கு உதவிய ஒருவரை இவ்வளவு சிக்கனமாக நடத்தியது இது ஒருமுறை மட்டுமன்று. அதன் சாணைத் தொழிலாளரின் வரலாறு இதைவிடக் கடுமையானது.

நீராவி ஆற்றலால் இயங்கிய முதல் சாணைக்கூடம் ஷெஃபீல்டில் 1786இல் தோன்றியது. அதுவரை நீர்வரத்து குறையும் கோடையில் கூடங்கள் ஓய்ந்தன. தொழிலாளி அடித்தல், சாணை பிடித்தல், கைப்பிடி பூட்டுதல் ஆகிய பல வேலைகளையும் மாற்றி மாற்றிச் செய்தார். பயிர் வேலையும் பார்த்தார். நீராவி வந்த பின் ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் ஒருவர் சாணை மட்டுமே பிடிக்கும் நிலை உருவாயிற்று. நகருக்குள் எழுந்த பெரிய கட்டடங்களில் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியே வாடகை வாங்கினர்; வாடகை செலுத்தியவர் தம் கல்லையும் வாரையும் தாமே வாங்கிக்கொள்ளும் சிறு தொழில்முனைவராகவும், கூலியாளாகவும் ஒரே நேரத்தில் இருந்தார். கட்டடத்தின் உரிமையாளருக்கோ வேலை கொடுத்த வணிகருக்கோ அவர் மூச்சுக்குழலைப் பற்றிய பொறுப்பு எதுவும் இல்லை என்பதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

எல்லாச் சாணையும் ஈரச் சாணை அன்று. முள்கரண்டி, ஊசி போன்றவற்றை நீரின்றி உலர்ந்த கல்லிலேயே தேய்த்தனர். சவரக்கத்திக்கு ஈரமும் உலர்வுமாக இருவகையும் தேவைப்பட்டன. புதிய கல்லை வட்டமாக்குவதற்கு அதன்மேல் எஃகுக் கம்பியைப் பிடித்துச் செதுக்கும்போது கூடமே வெண்புழுதியில் மறைந்துபோகும். 1830இல் ஷெஃபீல்டு மருத்துவர் ஆர்னால்டு நைட், சாணைத் தொழிலாளரின் மூச்சுநோயைக் குறித்து எழுதிய கட்டுரையில் தந்த கணக்கு பின்னர் பலராலும் எடுத்தாளப்பட்டது: உலர்சாணை பிடிக்கும் முள்கரண்டித் தொழிலாளர் 28 முதல் 32 வயதுக்குள்ளும், சவரக்கத்தித் தொழிலாளர் 40 முதல் 45 வயதுக்குள்ளும், ஈரச்சாணை பிடிக்கும் மேசைக்கத்தித் தொழிலாளர் 40 முதல் 50 வயதுக்குள்ளும் இறந்தனர். 1843இல் கால்வர்ட் ஹாலண்டு என்ற மருத்துவர் இந்நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலை பற்றி எழுதிய நூலிலும் நைட்டின் கூற்றுகள் இடம்பெற்றன.

தீர்வு தேடாமலும் இல்லை. ஷெஃபீல்டைச் சேர்ந்த ஏபிரகாம் என்பவர் 1820களின் தொடக்கத்தில், கல்லின் அருகிலும் தொழிலாளியின் வாயருகிலும் காந்தங்களைப் பொருத்தி உலோகத் துகளைக் கவரும் கருவியை அமைத்துப் பாராட்டும் பெற்றார். தொழிலாளர் அதை ஏற்கவில்லை. ஆயுள் நீண்டால் ஆட்கள் பெருகிக் கூலி குறையும் என்று அவர்கள் அஞ்சியதாக அக்கால மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் தம் தொழிலின் கூலி அதன் சாவு விகிதத்தோடு பிணைந்திருப்பதை அவர்கள் கண்ணெதிரே கண்டவர்கள். அதோடு, அக்கருவி பயன்பட்டிருந்தாலும் பெரும்பயன் விளைந்திருக்காது. உயிரைக் குடித்தது எஃகுத் துகள் அன்று. மணற்கல்லிலிருந்து பறந்த நுண்ணிய சிலிக்காத் தூள். காந்தம் அதைத் தொடாது. நுரையீரலில் படிந்து தழும்பாக இறுகும் இந்நோய் பின்னர் சிலிகோசிஸ் என்று பெயர் பெற்றது. உண்மையில் பயன்பட்டது, கல்லுக்கு முன்னால் மரக்குழாய் அமைத்துத் தூளை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி. செலவு மிகச் சிறிது. ஆனாலும் அதைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஆய்வாளர்களுக்கு 1867ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் வழியாகத்தான் கிடைத்தது.

அதே 1867இல் ஷெஃபீல்டின் பெயர் வேறொரு காரணத்துக்காக நாடெங்கும் பேசப்பட்டது. சங்கத்துக்குச் சந்தா செலுத்தாதவரின் கல்லிலிருந்து தோல் வாரை இரவோடிரவாக எடுத்துச் செல்வது சாணைத் தொழிலாளரிடையே நெடுநாள் வழக்கம். வார் இன்றிக் கல் சுழலாது, நிலுவையைச் செலுத்தினால் வார் திரும்ப வரும். இந்த வழக்கம் முற்றி வெடிமருந்துக்கும் துப்பாக்கிக்கும் சென்றது. 1866 அக்டோபரில் ரம்பச் சாணைத் தொழிலாளர் ஒருவரின் வீடு வெடிவைத்துத் தாக்கப்பட்ட பின் அரசு விசாரணை அமைக்கப்பட்டது. ரம்பச் சாணைச் சங்கத்தின் செயலாளர் வில்லியம் பிராட்ஹெட், 1859இல் ஜேம்ஸ் லின்லி சுடப்பட்டது உள்ளிட்ட குற்றங்களுக்குத் தாம் பணம் கொடுத்ததை, தண்டனை விலக்குப் பெற்று, ஒப்புக்கொண்டார். தொழிற்சங்கங்களுக்குச் சட்டத் தகுதி அளித்த 1871ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்த விவாதங்களில் இந்த விசாரணையும் இடம்பெற்றது.

சாணை ஆண்களின் வேலையாக இருந்தபோது, கரண்டி, முள்கரண்டி, வெள்ளிமுலாம் பூசிய பாத்திரங்கள் ஆகியவற்றின் மெருகு பெரும்பாலும் பெண்களின் கைகளில் இருந்தது. தோல் போர்த்திய சக்கரத்தில் மென்மணலையும் எண்ணெயையும் குழைத்துத் தெளித்துப் பொருளை அழுத்திப் பிடிப்பது அவர்கள் வேலை. வெள்ளை மேலாடையும், அதன்மேல் பழுப்புக் காகிதத்தால் கட்டிய முன்றானையும், கழுத்திலும் தலையிலும் இறுக்கிய துணிகளுமாக அவர்கள் காலையில் தூய்மையாக உள்ளே சென்று, மாலையில் கருமை படிந்து வெளியே வந்தனர். ஓவியர் வில்லியம் ரோத்தன்ஸ்டைன் 1919இல் இப்பெண்களை வரைந்துள்ளார். ஆயினும் சாணைத் தொழிலாளருக்குக் கிடைத்த அளவு மருத்துவக் கவனமோ அரசியல் கவனமோ இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது இத்துறையின் நூல்களைப் புரட்டிய எவருக்கும் தெரியும்.

பட்டறையில் ஏற்றிய மெருகை வீட்டில் காப்பது இன்னொரு வேலை. பழச்சாறும் வினிகரும் பட்ட கரி உருக்கு உடனே கறுத்துவிடும் என்பதால், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் மேசைக்கத்திகளைப் பலகையில் தேய்க்க வேண்டியிருந்தது. பிரிட்ஜ்வாட்டரில் பேரட் ஆற்று வண்டலைச் சுட்டு 1823ஆம் ஆண்டுக் காப்புரிமையின் கீழ் செய்யப்பட்ட 'பாத்' செங்கல்லின் தூள் இதற்குப் பயன்பட்டது. பின்னர் டப்பாவில் அடைத்த எமரித் தூளும், கைப்பிடியைச் சுழற்றினால் பல கத்திகளை ஒன்றாகத் தேய்க்கும் உருளைப் பெட்டிகளும் வந்தன. பழைய வீடுகளிலிருந்து இன்று கிடைக்கும் மேசைக்கத்திகள் பல நடுவில் இளைத்து நுனியில் அகன்றிருப்பது, வெட்டியதால் அன்று, துலக்கியதால்.

1913 ஆகஸ்டு 13ஆம் நாள் ஷெஃபீல்டின் உலோகவியலாளர் ஹாரி பிரியர்லி 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கரியும் கொண்ட உருக்கை வார்த்ததோடு அந்த அன்றாடப் பாடு முடிவுக்கு வரத் தொடங்கியது. குரோமியம் காற்றோடு சேர்ந்து அலகின் மேல் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம், கறையையும் துருவையும் தடுக்கிறது. கத்தித் தொழிலாளர் அதை முதலில் விரும்பவில்லை. பழகிய வெப்பத்தில் அது பதப்படவில்லை, சாணையில் எளிதில் தேயவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்ற ஏளனப் பெயரும் பிரியர்லிக்குக் கிடைத்தது. அப்படலம் முழுப்பயன் தர அலகு நன்கு மெருகேறியிருக்க வேண்டும் என்பதால், வீட்டுப் பலகையிலிருந்து விலகிய மெருகு வேலை ஆலைக்குள் முன்னைவிடப் பெருகியது.

அதற்குள் சக்கரமே மாறிவிட்டது. எட்வர்டு அச்சிசன் 1890களின் தொடக்கத்தில் மின்னுலையில் உருவாக்கிய சிலிக்கன் கார்பைடும், சில ஆண்டுகளில் தொடர்ந்து வந்த செயற்கை அலுமினியம் ஆக்சைடும் மணற்கல்லின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன. ஷெஃபீல்டின் சாணைக்கல் முறைக்குள் இவை மெதுவாகவே நுழைந்தன. 1925ஆம் ஆண்டின் உலோகச் சாணை விதிமுறைகள் தூள் உறிஞ்சுதலை விரிவாகக் கட்டாயமாக்கின. தோல் போர்த்திய மரச்சக்கரத்துக்குப் பதிலாகப் பருத்தித் துணியை அடுக்கித் தைத்த பஃபிங் சக்கரமும், எமரிக் குழைவுக்குப் பதிலாகக் கொழுப்பிலும் ஸ்டியரிக் அமிலத்திலும் தேய்பொருளைக் கலந்து சோப்புக் கட்டிபோல் வார்த்த மெருகுக் கட்டிகளும் வழக்கமாயின. பழைய செங்காவித் தூள் நகை வேலைக்கான செம்பாலிஷாகத் தொடர்கிறது. உருக்கு அலகுக்குக் குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சைக் கட்டியும், துருப்பிடிக்காத எஃகுக்கு வெள்ளை அலுமினாக் கட்டியும் பெரும்பாலோரின் தெரிவாக உள்ளன. முதலில் இறுக்கித் தைத்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்து வெட்டுவது, பிறகு தளர்ந்த சக்கரத்தில் லேசாகத் தொட்டு ஒளி ஏற்றுவது என்ற இரு படிகளும் பழைய எமரி, குரோகஸ் வரிசையின் தொடர்ச்சியே. ஒரு கட்டிக்கு ஒரு சக்கரம் என்ற விதியும் பழையதே. பருமட்டான துகள் ஒன்று கலந்தாலும் நுண்சக்கரம் பாழாகும்.

பழைய ஷெஃபீல்டு அலகுகளைப் புதுப்பிக்கும் வேலை இந்தச் சக்கரத்தின் முன்தான் இன்று பெரும்பாலும் நடைபெறுகிறது. சேதமும் அங்கேதான் நேர்கிறது. துணிச்சக்கரம் கல்லைப்போல் நேராக வெட்டாது. மேடு பள்ளம் இரண்டையும் தழுவிச் செல்வதால், அலகின் தெளிவான விளிம்புக் கோடுகள் மழுங்கி, துருக்குழிகளின் ஓரங்கள் உருண்டு, முத்திரையின் எழுத்துகள் கரைந்துபோகின்றன. 19ஆம் நூற்றாண்டில் அமிலத்தால் மென்மையாகப் பொறித்த அலங்கார எழுத்து, சக்கரம் பட்ட சில நொடிகளில் காணாமல் போகும். காம்பைக் கைப்பிடியோடு பிடித்திருக்கும் குங்கிலியப் பசை சூட்டில் இளகும். தந்தப் பிடியோ கொம்புப் பிடியோ வெடிக்கும். சுழலும் துணி கூர்விளிம்பைக் கவ்விக் கத்தியைத் தொழிலாளியின் மேலேயே எறிவதும் உண்டு. ஆகையால் கூரான விளிம்பு சக்கரத்தின் சுழற்சிக்கு எதிராக ஒருபோதும் திரும்பியிருக்கக் கூடாது.

இக்காரணங்களால் அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் பஃபிங் சக்கரத்தைப் பெரிதும் தவிர்த்து, எண்ணெயும் நுண்ணிய எஃகுக் கம்பளியும் கொண்டு கையால் செந்துருவை மட்டும் நீக்கி, கருமையாகப் படிந்த பழமையை விட்டுவைக்கின்றனர். ஆழமான துருக்குழியை முற்றிலும் மறைக்க வேண்டுமானால் சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் அக்குழியின் அடிமட்டம்வரை இறக்க வேண்டும். அப்படி இறக்கப்பட்ட அலகு பளபளக்கும், ஆனால் அதை அடித்தவரின் வடிவமும் அதைச் சாணை பிடித்தவரின் கோடும் அதில் இரா. அன்றாடம் புழங்கும் சமையற்கத்திக்கு அது இழப்பன்று. முத்திரை தெளிவாக உள்ள பழைய அலகைப் பொறுத்தவரை, குழியோடு விடுவதே சரியான புதுப்பித்தல்.